அ. நல்லகாமன் ஆஜர்

வலது ஷூவை இடது கெண்டைக்காலில் ஒரு தேய்ப்பு, இடது ஷூவை வலது கெண்டைக்காலில் ஒரு தேய்ப்பு. காளவாசல் சிக்னலில் ரோட்டைக் கடக்க வழி கிடைப்பதற்குள் நல்லகாமன் இதை நாலு தடவை செய்துவிடுகிறான். ஷூவின் தூசியெல்லாம் கால்சட்டைக்கு ஏறிவிட்டதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. இதன்மேல் ஒரு கறுப்புக் கோட்டு வந்துவிட்டால் வக்கீல். அந்தக் கோட்டுதான் ஐந்து மாதமாக வராமல் அவனை ஆட்டிவைக்கிறது.

வயது இருபத்தொன்பது. சட்டம் படித்து முடித்தாயிற்று. ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் வக்கீல் ஹம்சவேணியின் ஆபீசுக்கு வில்லாபுரத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவான். கேஸ் கட்டுகளைப் பிரிப்பான், வாய்தா தேதிகளை டைரியில் ஏற்றுவான், கோர்ட்டுக்குச் சுமந்துபோவான். அங்கே வாய் திறக்கத்தான் உரிமை இல்லை. அதனால் வாதமெல்லாம் மாடிப்படியிலேயே நடந்துவிடுகிறது. "யுவர் ஆனர், எதிர்த்தரப்பு சொல்றது அம்புட்டும் புளுகு" என்று அவன் சுவரைப் பார்த்து முழங்கியதை ஜெராக்ஸ் கடைக்காரர் பலமுறை கேட்டிருக்கிறார். சுவர் இதுவரை ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

ஆபீசில் அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவன் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. டீ வந்தால் நின்றுகொண்டே பாதி குடித்துவிட்டு மீதியை ஜன்னல் விளிம்பில் வைத்து மறந்துவிடுவான். போனை எடுத்துப் பார்ப்பான், பைக்குள் போடுவான், போட்ட கையோடு மறுபடி எடுப்பான். எப்போதாவது நிற்க நேர்ந்தாலும் ஒரு கால் தனியாகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் தங்கையோடு சௌராஷ்டிரத்திலும் வெளியில் மதுரைத் தமிழிலும் அதட்டுகிற ஹம்சவேணி ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லு, நீ இந்த ரூமுக்குள்ள நடந்த நடைக்கு இந்நேரம் மெட்ராஸே போயிருக்கலாம்ப்பா."

மெட்ராசுக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் பார் கவுன்சிலில் பதிவு, உறுதிமொழி எல்லாம். அதற்கான கோப்பை நெஞ்சோடு அணைத்தபடிதான் அலைகிறான். பத்தாம் வகுப்பிலிருந்து சட்டப் பட்டம்வரை மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைக்கு இரண்டு மூத்த வக்கீல்களின் கடிதம். வேறு எந்த வேலையிலும் இல்லை என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்பதற்காக, படிக்கிற காலமெல்லாம் சோறு போட்ட பார்சல் ஆபீஸ் வேலையையும் விட்டுவிட்டான். இதை அவன் அம்மா செல்லத்தாய்க்கு விளங்கவைக்க முடியவில்லை. பார்சல் ஆபீசில் இருந்தவன் என்பதால் கோட்டும் ஏதோ லாரியில் வந்து இறங்கும் என்று நினைக்கிறாள். தினமும் போனில் ஒரே கேள்வி: "கோட்டு வந்துருச்சாடா?"

"வந்துக்கிட்டு இருக்கும்மா."

எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது. போலீஸ் விசாரணை அறிக்கைதான் முட்டுக்கட்டை. அந்தக் கதைக்குப் போகுமுன் அவனுடைய இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கே யார் "நல்லகாமன்" என்று கூப்பிட்டாலும் பாதி எழுந்துவிடுவான். பிறகுதான் திரும்பிப் பார்ப்பான், தன்னைத்தானா என்று. ஊரில் பழகிய பழக்கம்.

நாகமலைக்கு மேற்கே உள்ள அவன் ஊரில், ஒரே சுற்றுச்சுவருக்குள் அடங்கிய வளவில் ஐந்து நல்லகாமன்கள். தாத்தா பெயர் நல்லகாமன். அவருக்கு ஐந்து மகன்கள், ஐந்து பேரும் தலைப்பிள்ளைக்கு அப்பன் பெயரை வைத்தார்கள். வைக்காமல் விட்டால் தாத்தா கோபித்துக்கொள்வார் என்பது ஒருபக்கம், வைக்காதவனை மற்ற நால்வரும் சும்மா விடமாட்டார்கள் என்பது மறுபக்கம். ஊர்தான் பாவம், லாரி நல்லகாமன், மில்லு நல்லகாமன் என்று பிரித்துக் கூப்பிடுகிறது. நம் ஆளுக்கு வக்கீல் நல்லகாமன் என்று பெயர். ஊர் எப்போதோ பதிவு செய்துவிட்டது, பார் கவுன்சில்தான் பாக்கி.

வளவுக்குள் இந்தப் பெயர் ஒரு பொதுச் சொத்து. தபால்காரர் கொண்டுவரும் பதிவுத் தபாலை, அந்த நேரம் எந்த நல்லகாமன் வீட்டில் இருக்கிறானோ அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வான். கோயில் கூட்டத்தில் ஒரு நல்லகாமன் வராவிட்டால் அவனுக்காக இன்னொருவன் நின்று தலையாட்டிவிட்டு வருவான். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் அனுமதியில்லாமல் மஞ்சுவிரட்டு நடத்தியதாகப் பதினாலு பேர்மீது வழக்கு வந்தது. அதில் பதினோராவது ஆள் லாரி நல்லகாமன், பெரியப்பா அழகர்சாமியின் மகன். முதல் வாய்தாவுக்கே அவன் நாக்பூரில் லோடோடு நின்றான். போகாவிட்டால் வாரண்டு வரும். செல்லத்தாய் மகனைக் கூப்பிட்டாள். "பேரு ஒண்ணுதானடா. கூப்புட்டா ஒரு சத்தம் குடுத்துட்டு வந்துரு. அண்ணன் அடுத்த தடவ வந்துருவான்." இவனும் போனான். பெயர் கூப்பிட்டதும் "அய்யா" என்று எழுந்து, பதினாலு பேரில் ஒருவனாகக் கூண்டில் போய் நின்றான். இடம் போதாமல் பாதிப்பேர் வெளியே வழிந்தார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. தேதி கொடுத்தார்கள், திரும்பி வந்தான்.

கூண்டில் ஏறுமுன் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், அவனும் கழற்றினான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்படி எழுதியில்லை. இதை அவன் பின்னாளில் தேடியே பார்த்திருக்கிறான். சில்லென்ற தரையில் வெறுங்காலோடு தலையைக் குனிந்து நின்றபோது கண்ணில் பட்டதெல்லாம் ஷூக்கள். வக்கீல்களின் கறுப்பு ஷூக்கள். அவை மட்டும் டக் டக்கென்று இஷ்டத்துக்கு நடந்தன, நீதிபதியின் மேசைக்குப் பக்கத்திலேயே போய் நின்றன. அன்றைக்குத்தான் அவனுக்கு இந்த ஆசை பிடித்தது. ஆக, ஆள்மாறாட்டம் செய்த இடத்தில்தான் அவனுக்குச் சட்டம் படிக்கத் தோன்றியது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது தடவையும் போய் நின்றான். மூன்றாவது தடவை நின்றபோது சட்டக் கல்லூரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அடுத்த மாதம் வகுப்பில் அந்தப் பிரிவை நடத்தினார்கள்: நீதிமன்றத்தில் இன்னொருவராக நடிப்பது, தண்டனை இத்தனை ஆண்டு. நல்லகாமன் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தான். அதற்குப் பிறகு லாரி அண்ணனுக்காக நிற்கப் போகவில்லை, பரீட்சை என்று சொல்லிவிட்டான். மடித்த மூலையை மட்டும் இன்றுவரை நிமிர்த்தவில்லை.

போலீஸ் விசாரணைக்கு ஊருக்கு வந்தவர் ஏட்டு சங்கிலி. அந்த வழக்குக்கு அப்போது கோர்ட்டு டூட்டி பார்த்தவரும் அவர்தான். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட தம்பி! அந்த மஞ்சுவிரட்டு கேஸ்ல நின்ன பயதான நீ?" இவன் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாமென்றும் சொல்லவில்லை. ஆவணங்களும் அவருக்குத்தான் ஒத்துழைத்தன. பெயர் நல்லகாமன். அப்பா அழகுபாண்டி, பெரியப்பா அழகர்சாமி, ஆக இரண்டு பேருக்கும் தலைப்பெழுத்து அ. வளவுக்கெல்லாம் ஒரே கதவெண். ஏட்டு நேர்மையாக எழுதினார்: 'வழக்கு நிலுவையில் உள்ளது.' நிலுவை வழக்கு என்று வந்துவிட்டதால் விண்ணப்பம் அப்படியே நின்றுபோயிற்று.

ஹம்சவேணிக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "பேர்க் குழப்பம், அம்புட்டுத்தான? உங்க அண்ணனை ஆதாரோட நேர்ல கூட்டிட்டு வா. அவன்தான் பதினொண்ணாவது ஆளுன்னு கோர்ட்ல காட்டிருவோம். கூடவே நீ ஒரு அபிடவிட் போட்ரு. நகல் வாங்கி மெட்ராசுக்கு அனுப்புனா முடிஞ்சது சோலி." அபிடவிட்டை நல்லகாமனே டைப் செய்தான். மூன்றாவது பத்தி இப்படி: 'மேற்படி வழக்கில் நான் ஒருபோதும் முன்னிலையானதில்லை.' அந்த வரியை அடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். வந்து இன்னொரு முறை படித்தான். மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போனான்.

பொய்யென்று யாருக்குத் தெரியப்போகிறது? நீதிபதி மூன்று தடவை மாறியாயிற்று. கேஸ் கட்டில் முகம் கிடையாது. கோர்ட்டுப் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி ஏட்டு சங்கிலி. அவரை டீக்கடையில் பார்த்துத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "படிச்ச பய, பொழச்சுப் போ. எனக்கு அன்னைக்கே கண்ணு சரியில்லன்னு வச்சுக்க." கதவு திறந்துவிட்டது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. கறுப்புக் கோட்டு போட்டு அவன் போடப்போகும் முதல் கையெழுத்துக்கு முந்தின கையெழுத்து. அது பொய்யாக இருக்கும் என்பதுதான் அவனைத் தின்றது. உண்மையைச் சொன்னாலோ, இல்லாத வழக்கு ஒன்று புதிதாக, சொந்தமாகவே வந்து சேரும். கோட்டு ஒரேயடியாகப் போனாலும் போகும். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கூடப் படித்த தமிழ்வாணி பதிவாகி மூன்று மாதமாக உள்ளே நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்தால் இவன் எதிர்ப்புறமாக நடந்துவிடுவான்.

வாய்தா நாள் போன புதன்கிழமை. லாரி நல்லகாமன் நிஜமாகவே வந்துவிட்டான், பெல்லாரியிலிருந்து நேராக, குளித்துத் திருநீறு பூசி, ரப்பர் செருப்போடு. "என்னால ஒனக்கு எம்புட்டுத் தொந்தரவுடா தம்பி. இன்னைக்கோட தீந்துரும், விடு" என்று தோளைத் தட்டினான். இவன் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தான். நடக்கும்போது ஷூ சத்தம் போட்டது. விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில், பதிவு நாளுக்கென்று ஆறு மாதம் முன்பே வாங்கியது. "கழட்டி மாட்ட லேசா இருக்கணுமா தம்பி?" என்று கேட்ட கடைக்காரரிடம், "கழட்டவே வேணாம்ண்ணே, நாடா வச்சதே குடுங்க" என்று சொல்லி வாங்கியிருந்தான்.

"கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டபடியே ஹம்சவேணி உள்ளே போனார்.

"இந்தா, வாரேன் மேடம்" என்றான். கோப்புக்குள் அபிடவிட் இருந்தது. மூன்று பக்கம், மூன்றிலும் கையெழுத்துக்கான இடம் வெள்ளையாகக் கிடந்தது. பேனாவைத் திறந்தான், மூடினான். ஷூவைக் கெண்டைக்காலில் தேய்த்தான். ஏட்டு சங்கிலி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கு எண் கூப்பிட்டார்கள். நல்லகாமன் அண்ணனோடு உள்ளே போய்ப் பின்பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். டவாலி வாசலில் வந்து பட்டியலைப் படித்தார். பத்துப் பேர் போனார்கள். பிறகு, "அ. நல்லகாமன்!"

இவன் பாதி எழுந்துவிட்டான். லாரி அண்ணன் இவனைப் பார்த்துச் சிரித்து, "நீ உக்காருடா, இன்னைக்கு நானு" என்று காதோடு சொல்லிவிட்டு முன்னால் போனான். கூண்டுக்குக் கீழே ரப்பர் செருப்பை உதறிவிட்டு ஏறி நின்றான். ஹம்சவேணி நீதிபதியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பின்பக்கமாகக் கையை நீட்டினார். அபிடவிட்டுக்கு.

நல்லகாமன் எழுந்து வந்தான். நீட்டிய கையில் தாள்களைக் கொடுத்தான். அவர் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்திலும் கையெழுத்து இல்லை. "என்னப்பா இது?" என்று கடுகடுத்துத் திரும்பியபோது அவன் பக்கத்தில் இல்லை. கூண்டின் ஓரத்தில் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முதலில் வலது, அப்புறம் இடது. ஷூ இரண்டையும் அண்ணனின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தான். பிறகு வெறுங்காலோடு கூண்டில் ஏறி, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, "அய்யா" என்று கையை உயர்த்தினான்.