சிவந்த நெய்

அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட குஞ்சம்மாள், தொண்டூர் விருத்தாம்பாளின் நடுப்பெண். மூத்தவள் பனமலைக்குப் போனாள். இளையவள் பவுனம்மாள் உள்ளூரிலேயே அத்தை மகனைக் கட்டிக்கொண்டாள். மூவரில் வாய் செத்தவள் குஞ்சம்மாள்தான் என்று சனங்கள் சொல்வார்கள். அறுபத்து நாலாம் வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சொன்னவர்கள் யாருமில்லை.

வீட்டில் மூன்று எருமைகள். சந்தை நாள் தவறாமல் செஞ்சிக் கடைத்தெருவில் சிங்காரவேலு கடைக்கு நெய் கொண்டுபோவாள். நெய்யில் வனஸ்பதி கலந்து விற்ற காலம் அது. மாட்டினால் கோர்ட்டுக்குப் போகவேண்டியவர் கடைக்காரர். அதற்குப் பயந்து சிங்காரவேலு விழுப்புரத்திலிருந்து ஒரு ஆசிட் பாட்டிலும் கண்ணாடிக் குழாய்களும் வாங்கி வைத்திருந்தார். உருகிய நெய்யில் ஆசிட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டுக் குலுக்குவார். நிறம் மாறாவிட்டால் நெய். அடியில் சிவந்தால் வனஸ்பதி.

அன்று குஞ்சம்மாளின் நெய் மாதுளம்பூவாய்ச் சிவந்தது.

சிங்காரவேலு வாசலுக்கு வந்து குழாயைத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்குங்க! அனந்தபுரத்து நெய்யாம் இது!"

"நான் ஒண்ணும் கலக்கல, மொதலாளி."

"அப்போ உன் எருமை வனஸ்பதியா கறக்குது?"

தெருவே சிரித்தது. இனி எந்தக் கல்யாண வீட்டில் அவள் நெய்யை வாங்குவார்கள்? காது மடல் எரிந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"அது எதனால செவக்குது? அதைச் சொல்லுங்க."

"உனக்கு இன்னாத்துக்கு அது?"

"தெரியாம நான் இங்கேர்ந்து போமாட்டேன்."

வியாபாரம் கெடுகிறதே என்று அவர் சொல்லிவைத்தார். வனஸ்பதியில் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும் என்பது சர்க்கார் சட்டம். கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆசிட் பட்டால் சிவப்பது அந்த நல்லெண்ணெய்.

"அப்போ செவக்கிறது நல்லெண்ணெய்தான்?"

"ஆமாம்மா, போ!"

பாதி வழியில் அவள் கால் நின்றது. போன வாரம்தான் பழைய மண்சட்டி விரிசல் விட்டுப் புதுச்சட்டி வாங்கியிருந்தாள். அதைப் பழக்க ரெண்டு நாள் நல்லெண்ணெய் பூசிப் பூசிச் சூடேற்றியதும் அவள்தான். அந்தச் சட்டியில்தான் வெண்ணெய் உருக்கினாள்.

புருஷன் விநாயகம், "விட்டுத் தள்ளு. திண்டிவனத்துல வித்துக்கலாம்" என்றார்.

"அங்க வித்தா இங்க அவர் சொன்னது நெசம்னு ஆயிடும்."

அடுத்த சந்தைக்கு ஒரே உருண்டை வெண்ணெயும், பித்தளைக் குண்டானும், அந்தச் சட்டியும் எடுத்துப் போனாள்.

"உங்க அடுப்புல, உங்க கண்ணு முன்னாடி, பாதி இதுல, பாதி அதுல."

முணுமுணுத்தபடியே அடுப்பை மூட்டினார் சிங்காரவேலு. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. குண்டான் நெய் ஆசிட்டில் நிறம் மாறவில்லை. சட்டி நெய் சிவந்தது. கடையிலிருந்தே ஒரு சொட்டு நல்லெண்ணெய் வாங்கித் தனியாகப் போடச் சொன்னாள். அது ரத்தமாய்ச் சிவந்தது.

அவர் மூன்று குழாய்களையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "சரி, சட்டி பண்ண வேலை. நெய்ய வை, எடை போடறேன்."

"சட்டிக்கு எண்ண பூசுனது என் தப்பு. நான் கலந்தேன்னு சொன்னது உங்க தப்பு. வாசல்ல வந்து சொல்லுங்க."

அவர் வந்தார். "குஞ்சம்மா நெய்யில கலப்படம் இல்ல."

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுது, மொதலாளி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

அதற்குப் பிறகுதான் அவள் குண்டானைத் தராசுத் தட்டில் வைத்தாள்.