ஞாயிற்றுக்கிழமை ஊதாத சங்கு

எஸ்டேட் டிஸ்பென்சரியில் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை தரை கழுவுவது. படிப்பு ஆறாம் வகுப்பு. பத்து வருஷத்தில் காயம் கட்டுவது, ஊசி போடுவது எல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டேன். டிஸ்பென்சரியை நடத்தும் டிரெஸர் லீவில் போனால் எஸ்டேட் மேனேஜர் துரை என்னைத்தான் கூப்பிடுவார்.

எழுபதுகளில் கண் அழுத்த நோய்க்காரர்களை மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். சொட்டு மருந்து, கேட்காவிட்டால் கத்தி. நடுவில் ஒன்றும் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பொன்னம்மாக்காவுக்கு அந்த நோய் என்று தெரிந்தது. அதற்குள் வலது கண் போய்விட்டது. இதில் போன பார்வை திரும்பாது. அக்கா தனிக்கட்டை. இடது கண்ணும் போனால் மலைச்சரிவில் கால் வைக்க முடியாது. வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் இல்லை.

தினம் நாலு தடவை சொட்டு போட வேண்டும். அக்காவுக்கு மணி பார்க்கத் தெரியாது. நான்தான் வழி கண்டுபிடித்தேன். பேக்டரிச் சங்கு காலையில் ஆட்கள் ஒன்றுகூட, தேத்தண்ணிக்கு, மதியச் சோற்றுக்கு, வேலை முடிய என்று நாலு முறை ஊதும். சங்குக்கு ஒரு சொட்டு. டிரெஸரே மெச்சினார்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று திங்கட்கிழமையும் அழுத்தம் ஏறித்தான் இருந்தது. மூன்றாம் முறை டாக்டரம்மா ஆபரேஷன் பேச்சை எடுத்தார். இருப்பது ஒரே கண். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்க, நான் முந்திக்கொண்டு சங்கு ஏற்பாட்டை விளக்கினேன், பெருமையாகவே.

டாக்டரம்மா அக்காவிடம் திரும்பினார். “நேத்து போட்டீங்களாம்மா?”

“நேத்து ஞாயித்துக்கிழமை லா டாக்டர். சங்கு ஏது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் கொண்டுபோய்க் காட்டியது, முதல் நாள் முழுக்க மருந்து படாத கண்.

“நல்ல ஏற்பாடுதான்,” என்றார் டாக்டரம்மா என்னிடம். “வாரத்துல ஆறு நாளைக்கு மட்டும் கண்ணு போதும்னா.”



இருப்பது ஒரே கண் என்பதால் மருந்தை மட்டும் நம்பாமல், கத்தியும் வேண்டாம், லேசர் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. அந்த மெஷின் அங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கண்ணுக்குள் நீர் வடியும் சல்லடை அடைத்திருக்கிறது, அதன் ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சுட்டால் வழிவிடும் என்றார் டாக்டரம்மா. தேத்தண்ணி வடிகட்டி அடைத்துக்கொள்வதைப் பார்த்தவன் நான், உடனே புரிந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, கால் மணி நேரத்தில் முடித்தார்கள். பச்சையாக மின்னல் வெட்டியது, அவ்வளவுதான் என்றார் அக்கா. அன்று சாயந்திரமே மலை ஏறிவிட்டோம்.

அடுத்த மாதங்களில் அழுத்தம் இறங்கியது. ஆனால் லேசர் வைத்ததால் மருந்தை விடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

அதனால் ஞாயிறுதோறும் நாலு தடவை நானே லயத்துக்கு நடந்தேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்: “ஞாயித்துக்கிழமை சங்கு வந்துருச்சு லா.”

எஸ்டேட் முழுக்க எனக்கு அந்தப் பெயரே நிலைத்தது. அக்கா அந்த ஒரு கண்ணோடு வேலை பார்த்துத்தான் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு யாருக்கு மருந்து கொடுத்தாலும், லீவு நாளில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்காமல் நான் கொடுத்ததில்லை.