வசில்கா எடுத்துக்கொடுத்த வசனம்

லோம் நகரில் வசில்காவை மேடையில் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அவள் இல்லாமல் அங்கே ஒரு நாடகமும் நடந்ததில்லை. பகலெல்லாம் மருந்துக்கடையில் வேலை. மாலையானால் கலாமன்ற மேடையின் முன்விளிம்பில் இருக்கும் குழிக்குள் இறங்கி, நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பாள். மேடைக்கு எட்டி, முதல் வரிசைக்கு எட்டாத குரல் அவளுக்கு.

மன்றத்தின் கதாநாயகன் அவள் கணவன் ஹரலாம்பிதான். வாட்டசாட்டமான ஆள், கணீரென்ற குரல். மனப்பாடம் மட்டும் சுத்தமாக வராது. குழியிலிருந்து எது வந்தாலும் யோசிக்காமல் அப்படியே முழங்கிவிடுவான். வீட்டில் நேர்மாறு. கூரை ஒழுகுகிறது என்று அவள் கத்துவது அடுத்த தெருவரை கேட்கும். அவன் காதில் விழாது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு குடும்பச் சண்டை நாடகம் போட்டார்கள். சாப்பாட்டு மேசையை விட்டு எழுவதற்குள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குடும்பம். ஹரலாம்பிக்கு அப்பா வேடம்.

"ஒத்திகை எதுக்கு உங்களுக்கு? வீட்ல நடக்கறத இங்க வந்து நடத்துங்க, போதும்" என்று நடிகர்களைக் கேலி செய்வார் இயக்குநர் மெத்தோதி.

முதல் காட்சி அன்று மத்தியானம் வசில்கா வீடு திரும்பியபோது அவளது தையல் எந்திரம் நடையில் கிடந்தது. பின்னறையில் ஹரலாம்பி ஒரு கட்டிலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வராங்க. இனிமே இங்கதான்."

"இது எப்ப முடிவாச்சு?"

"போன மாசம்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா?"

"சொன்னேனே." கொஞ்சம் யோசித்தான். "இல்ல, மெத்தோதிகிட்ட சொன்னேன்."

வசில்கா சாப்பிடக்கூட இல்லை. நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அரங்கு நிறைந்திருந்தது. முதல் வரிசையில், மகன் நடிப்பைப் பார்க்க வந்திருந்த ஹரலாம்பியின் அம்மா தோனா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாடகம் பாதி ஓடியிருக்கும். மகனாக நடித்தவன் கேட்டான்: "அப்பா, நீங்க வாழ்க்கையில ஒரு தப்புகூட பண்ணதில்லையா?"

ஹரலாம்பிக்கு வசனம் மறந்துபோயிற்று. வழக்கம்போல மீசையைச் சொறிந்தபடி குழிப்பக்கம் நகர்ந்து வந்தான். வசில்காவின் விரல் சரியான வரியில்தான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"பண்ணியிருக்கேன்."

"பண்ணியிருக்கேன்" என்று முழங்கினான் அவன். குழியிலிருந்து அடுத்த வரி வந்தது.

"என் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேக்காம எங்கம்மாவ வீட்டோட வந்து இருக்கச் சொல்லிட்டேன்."

அதையும் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொல்லி முடித்த பிறகுதான் அர்த்தம் அவனுக்கு உறைத்தது. திறந்த வாய் மூடவில்லை. அரங்கில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தோனா எழுந்து நின்றாள். "டேய், அவளக் கேக்கவே இல்லயா நீ? அவளுக்கு இடுப்பு முடியல, சமைக்க ஆள் இல்ல, அவதான் கெஞ்சிக் கூப்பிடுறான்னு சொன்னியே?"

வசில்கா குழியிலிருந்து தலையை நீட்டினாள். "என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு அத்தை. உங்க கையால கறி வச்சுச் சுருட்டின முட்டைக்கோஸ் இலை இல்லாம இவருக்குத்தான் சோறு இறங்கல."

"அடப்பாவி, என் கோழியெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேனேடா. எனக்கென்ன என் வீட்ட விட்டு வரணும்னு தலையெழுத்தா?"

மேடை மகன் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தான். "அப்பா, சூப் ஆறுது." அதற்குமேல் சிரிப்பு அடங்கவே இல்லை. திரையை இழுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மெத்தோதி கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஹரலாம்பி அரங்கைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் மேசையில் உட்கார்ந்து உண்மையாகவே சூப்பைக் குடிக்க ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் பண்ணிய நடிப்பில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நாடகம் முடிந்து மூவரும் சேர்ந்தே நடந்தார்கள், தோனா நடுவில். வழிநெடுக மகனைத் திட்டியது அவள்தான். வசில்காவுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. மறுநாளே தோனா கோழிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹரலாம்பி அவள் வீட்டுக்குப் போய் விறகு பிளந்து கொடுத்து, வயிறாரச் சாப்பிட்டு வந்தான்.

அடுத்த நாடகத்துக்கு அவன் ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தான். மன்றத்தில் யாருக்கும் நம்ப முடியவில்லை.

"அப்ப உனக்குக் கீழ வேலையில்ல. மேல வந்து நடியேன், ஜனங்க உன்னத்தான் கேக்கறாங்க" என்றார் மெத்தோதி.

"கீழதான் கதகதப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு வசில்கா குழிக்குள் இறங்கினாள்.