இடது பக்கத்து வட்டம்

மார்கழிப் பனியில் பைக் கண்ணாடிக்கு முன்னால் மூக்கை நீட்டி ஊதினால் யாருக்கும் இரண்டு வட்டம் விழும். என் மாமாவுக்கு மட்டும் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு ஊத வேண்டும், ஆவி வட்டம் யாருக்குப் பெரிதோ அவருக்கு வெற்றி. இதுதான் எங்கள் ஆட்டம். எப்போதும் நானே ஜெயித்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. ஒலக்கூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர்; எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். அப்போதுதான் பெண் பேசி முடித்திருந்தார்கள். கல்யாண வயதில் இருக்கிற ஆள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் தினமும் தோற்பாரா? விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்குக் கோபம்.

“அழுகுணி ஆட்டம் ஆடாத மாமா. அந்தப் பக்கமும் ஊது!”

“ஊதிக்கினுதான்டி இருக்கேன். மல்லாட்டைத் தூசு அடைச்சிக்கினு ஒரே பேஜாரு.”

வீட்டில் எல்லோருக்கும் அது தூசுதான். சொட்டு மருந்தும் நொச்சி இலை ஆவியும் பார்த்தாயிற்று. “இந்தக் கொறட்டையக் கேட்டா பொண்ணு மறுநாளே ஒலக்கூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறிடும்டா” என்று அம்மா கேலி செய்வாள்.

ஒருநாள் எனக்குக் காது வலி. மாமாதான் எங்களைத் திண்டிவனத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா என் காதைப் பார்த்துவிட்டு மூக்கையும் பார்த்தார். சும்மா இருப்பேனா, கோள் சொன்னேன்.

“எனக்கு ரெண்டு வட்டம் வரும் டாக்டர். மாமாவுக்கு இடது பக்கம் வரவே வராது. ஏமாத்துறாரு.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா சிரிக்காமல் மாமாவிடம் திரும்பினார்.

“மாறி மாறி அடைக்குதா, ஒரே பக்கமா?”

“ஒரே பக்கந்தாங்க. தூசுங்க.”

“தூசுக்கு இடது வலது தெரியுமா சார்? உட்காருங்க.”

சில்லென்ற ஓர் எவர்சில்வர் தகட்டை மாமாவின் மூக்கடியில் பிடித்தார். ஒரே ஒரு வட்டம். “எங்க ஆட்டம்!” என்று நான் கைதட்டினேன். பிறகு விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். சீத்தாப்பழத் தோல்போல மேடும் பள்ளமுமாக ஏதோ திரையில் தெரிந்தது.

“கட்டின்னாலே கெட்டதுன்னு இல்ல. ஆனா துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது.”

ஸ்கேனும் டெஸ்ட்டும் விழுப்புரத்தில். முடிவு வரும்வரை மாமா பைக்கைத் தொடவில்லை. “பொண்ணு வூட்ல பத்திரிகை அடிக்க வேணாம்னு சொல்லிடுக்கா” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். “புத்துநோய் இல்ல. அபூர்வமா வர்ற சாதாரணக் கட்டி” என்றார் விழுப்புரத்து டாக்டர். “முழுசா எடுத்துடலாம். ஆனா இது திரும்ப வளரக்கூடியது. அந்தப் பக்கம் கொஞ்சம் அடைச்சாலும் ஜல்தி வந்துடணும்.” நல்ல சேதிக்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று நான் விழித்தேன். ‘அபூர்வம்’ என்ற சொல் மட்டும் பிடித்துப்போய், மறுநாள் வகுப்பு முழுக்கப் பெருமையடித்தேன்.

ஆபரேஷன் ஆயிற்று, கல்யாணமும் ஆயிற்று. மாமா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் முதல் வேலை அந்த ஆட்டம்தான். சித்திரை வெயிலில் ஆவி படியாது என்பதால் சாப்பாட்டுத் தட்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வருவார். ஊதிவிட்டு, “இடது பக்கம் எப்படி பாப்பா?” என்பார்.

“ரெண்டும் ஒண்ணா இருக்கு மாமா.”

“அப்போ நீ தோத்துட்ட” என்று என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார்.

எனக்குத்தான் முதலில் சலித்தது. ஒருநாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ரெண்டும் இருக்கு, நீதான் ஜெயிச்ச, போ மாமா” என்றேன். மாமா போகவில்லை. தட்டைத் துடைத்து, மறுபடி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஜெயித்தவருக்கு இன்னும் என்ன வேண்டுமாம் என்று எனக்கு எரிச்சல்.

“நல்லாப் பாத்துச் சொல்லு பாப்பா” என்றார்.