பொட்டு வைத்த அடுப்பு

அரை மணி நேரத்தில் கஞ்சியோடு வந்துவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் ஆகியும் அரிசி ஊறின தண்ணீரிலேயே கிடந்தது. கரண்ட் அடுப்பு பற்றவில்லை. கண்ணாடிப் பலகையில் விரலை எங்கே வைத்தாலும் பீப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அன்று என் கணவருக்கு ஆஞ்சியோ. முந்தின நாள் விஜயதசமி. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். மறுநாள் பகல் உள்ளே அழைத்துப் போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இரண்டு மணி நேரம் கழித்து ஏதாவது திரவமாகக் கொடுக்கலாம் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"கேன்டீன் கஞ்சி வாணாம் டீச்சர். நீ வெச்சு எடுத்துனு வா."

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் என் சமையலைக் குறை சொல்லியே சாப்பிட்ட மனிதர். இப்போது பார்த்து இப்படிக் கேட்கிறார். கதவு மூடியதும் அந்த இரும்பு நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. அவருடைய தம்பி, "நான் இருக்கேன் அண்ணி, நீங்க போயிட்டு வாங்க. வெளிய வந்த உடனே போன் பண்றேன்" என்றார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கஞ்சிக்காக மட்டும் வந்தேன் என்று சொன்னால் அது பொய்.

கேஸ் அன்று காலையில்தான் தீர்ந்திருந்தது. பூஜை விடுமுறையில் சிலிண்டர் வண்டி வராது. எங்கள் மகள் ஓசூரிலிருந்து பொங்கலுக்கு வாங்கி வந்த கரண்ட் அடுப்புதான் கதி. பால் காய்ச்சுவதைத் தவிர அதை நான் வேறெதற்கும் தொட்டதில்லை.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். விரல் பட்டதும் இந்தப் பலகை எப்படி அறிந்துகொள்கிறது என்று கேட்டால், கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிடுவேன். அதனால் முறையாகவே ஆரம்பித்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு அழுத்தினேன். வேறு விரலால் அழுத்தினேன். ப்ளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகினேன். பாத்திரத்தை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் போனை எடுத்துப் பார்த்தேன். தம்பி அழைக்கவில்லை. வோல்டேஜ் குறைவாக இருக்குமோ என்று தோன்றியது. பின் தெருவில் பவர்லூம் ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டு மின்விசிறி வேண்டாவெறுப்பாகத்தான் சுற்றும். ஆனால் பூஜை முடிந்து தறிகள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அந்தக் காரணமும் போயிற்று.

கம்பெனிக்குப் போன் செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் நாலு தடவை சொல்லிவிட்டு வீணையை வாசிக்க விட்டுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை ஒரு தட்டுத் தட்டினேன். அதற்கும் ஒரு பீப்.

கடைசியில் அடுப்பு வாங்கிய கடையின் மெக்கானிக் நம்பர் கிடைத்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"பீப் வருதுன்னா போர்டு நல்லாதான் இருக்குதுமா. லாக் ஆயிருக்கும். நடுவுல வட்டமா ஒரு குறி இருக்கும் பாரு, அத்த மூணு செகண்டு அமுக்கிப் புடி."

"வட்டம் ஒண்ணும் காணோம்பா. நடுவுல பொட்டுதான் இருக்குது."

அவர் சிரித்தார். "பூஜைக்கு வெச்சதா? நேத்துல இருந்து இது மூணாவது வூடுமா. ஈர சந்தனத்த வெரல்னு நெனச்சுக்கினு அது லாக் ஆயிடும். ப்ளக்கப் புடுங்கினாலும் போவாது. சந்தனம் காஞ்சு ஒட்டிக்கினா அப்பறம் நம்ம வெரல் அதுக்குத் தெரியாது. ஈரத்துணி போட்டுத் தொடச்சுட்டு அமுக்கு, வந்துடும்."

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டுதான். என் கணவர் இரு சக்கர வண்டிகளுக்கு மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறார். வருடத்தில் அவர் பக்தராக இருப்பது அந்த ஒரு நாள். ஷாப்பில் ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மீந்த சந்தனத்தோடும் குங்குமத்தோடும் வீட்டுக்கு வருவார். ஃபிரிட்ஜ், மிக்சி, வாஷிங் மெஷின், டிவி ரிமோட், நான் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனா வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார். "ரெகுலேட்டரு கோச்சுக்கப்போவுது, அதுக்கும் ஒண்ணு வைங்க" என்று நான் வருடா வருடம் கிண்டல் செய்வேன். இந்த வருடம் கடைசியாகக் கரண்ட் அடுப்புக்கு வைத்தார். வட்டம் போட்ட இடம் அவருக்குப் பொட்டுக்கென்றே விட்டுவைத்ததாகத் தோன்றியிருக்கும். பிறகு விரலில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் வைத்துவிட்டு, "நீயும் நல்லா ஓடணும்ல டீச்சர்" என்றார்.

துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு அடுப்பின் முன்னால் நின்றேன். கை போகவில்லை.

அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு அறையில் படுத்திருந்தார். மணிக்கட்டு வழியாக ஒரு குழாய் அவர் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. இங்கே நான் அவர் வைத்த குங்குமத்தை என் கையால் அழிக்க வேண்டும். அடுப்பில் இருக்கிற குங்குமத்துக்கும் அவர் இதயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கே தெரியும். இதே பேச்சை ஒரு பிள்ளை வகுப்பில் பேசியிருந்தால் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் பயமாக இருந்தது. அப்படிப்பட்ட பயம் எனக்குள் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. துணியை வைத்தேன். எடுத்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். போனைப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். என்னை அக்கா என்பாள். கஞ்சி ஆயிற்றா என்று கேட்டவளிடம் மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன்.

"அவ்ளோதானா? குடு, நான் தொடைக்கிறேன்" என்று கையை நீட்டினாள்.

"தொடாதே" என்று கத்திவிட்டேன்.

அவள் கை அப்படியே நின்றது. எனக்கு வெட்கமாகிவிட்டது. உதவிக்கு வந்தவளிடம் அப்படியா பேசுவது. அவள் பொட்டைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள். அரிசிப் பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாக்கா. எங்க வூட்ல ஆக்கிக்கலாம்."

அவள் அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போதுதான் போன் வந்தது. "முடிஞ்சுது அண்ணி. ஒரே ஒரு அடைப்புதான். ஸ்டென்ட் வெச்சுட்டாங்க. பேசுறாரு" என்றார் தம்பி. கஞ்சியில் உப்புப் போட்டேனா என்று அவளிடம் இரண்டு தடவை கேட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் துணியை எடுத்தேன். நல்ல செய்திதான் வந்துவிட்டதே, துடைக்க வேண்டியதுதானே. ஆனால் இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு கை எங்கே வரும். சிலிண்டர் வண்டி மறுநாள் வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிற்று. நானும் எதிர்வீட்டிலேயே ஆக்கி எடுத்துக்கொண்டு போனேன். கேட்டவர்களிடமெல்லாம் ஸ்டவ் ரிப்பேர் என்று எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். மெக்கானிக் போன் செய்து, "சரியாப் போச்சாம்மா?" என்று விசாரித்தார். "ஆச்சுப்பா" என்றேன். அறிவியல் டீச்சர், கூசாமல் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். மணிக்கட்டில் கட்டு இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார். கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"ஏன், நம்ம ஸ்டவ்வுக்கு இன்னா?"

"ரிப்பேர்."

ரிப்பேர் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு அவரால் படுத்திருக்க முடியுமா. நான் பால் பாத்திரத்தைத் தேடி எடுப்பதற்குள் எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டி, லுங்கி நுனியால் துடைத்தார். வட்டத்தில் விரலை வைத்துப் பிடித்தார். இரண்டு பீப் வந்தது. விளக்கெல்லாம் எரிந்தது.

"லாக்கு ஆகியிருக்குது. இது தெரியல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினேவா மூணு நாளா எதிர்வூட்ல ஆக்கின?"

அவர் தன் நகத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி, பாலை ஊற்றி, அடுப்பில் வைத்தார்.

"தொடச்சிருக்கலாமே டீச்சர்" என்றார் மெதுவாக.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அதனால், "உங்க டம்ளர்ல சர்க்கரை போடாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.