மதியம் மூன்று மணிக்கு வரச் சொன்ன மிஸ்ஸி

செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனத்துக்குள் அல்ல, எழுத்திலேயே. கோலா கெத்தில் என்ற ஊரைச் சேர்ந்த அம்மா ஒருவரின் ஆய்வுப் படிவத்தின் ஓரத்தில் பிலோமினா மிஸ்ஸி கிறுக்கியிருந்த வரியைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "மிஸ்ஸி, இது கையெழுத்தா, கோழி கிளறினதா?" என்று கேட்டிருந்தேன். பதில் அவருடைய கணவர் அந்தோணியிடமிருந்து வந்தது. "டாக்டர், மினா காலையில தவறிட்டா. நெஞ்சுவலி." கோழிக் கேள்விக்கு நேர் கீழே அந்தச் செய்தி இருக்கிறது. இரண்டையும் அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்ட பெண்களுக்கு நாங்கள் இரண்டு விதமாக அறுவை செய்கிறோம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தைப்பது ஒன்று. எடுக்காமல் மேலே தூக்கிப் பிடித்துத் தைப்பது இன்னொன்று. இரண்டில் எது நீடித்து நிற்கிறது என்று பார்ப்பதற்கு ஓர் ஆய்வு. அறுவை செய்தவள் நான். ஆய்வின் தாதி, எங்கள் வழக்கில் மிஸ்ஸி, ஓய்வுபெற்ற பிறகும் குருணிலிருந்து தினமும் கார் ஓட்டி வந்த பிலோமினா.

முதல் ஆண்டுப் பரிசோதனையில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த முறையில் தைத்தாலும் தையல் அசையாமல் நிற்கிறது! அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர் மிஸ்ஸி. காலை ஒன்பது மணிக்கு இருந்த சந்திப்புகளை எல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மதியம் மூன்று மணிக்கு மாற்றினார். அதோடு நிற்காமல், வேலையை முடித்துவிட்டு நேராக வரும்படி ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லியிருந்தார்.

நான் கத்தினேன். ஆய்வு நடுவில் இருக்கும்போது யாராவது முறையை மாற்றுவார்களா? அவர் கையிலிருந்த கோப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நம்ம பொம்பளைங்க டாக்டரைப் பாக்க வர்றதுன்னா மூணு நாளைக்கு முன்னாடியே படுத்துருவாங்க டாக்டர். செம்பனைப் பழம் பொறுக்கப் போறதில்ல, வாளி தூக்குறதில்ல. நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு, தலைக்குக் குளிச்சி, பூ வெச்சி, காலையில பஸ்ல உக்காந்து வர்றாங்க. படுத்தே கெடந்தா அது உள்ள போயிரும்லா? நீங்க பாக்கறது பொம்பளைய இல்ல, ரெஸ்ட்ட."

"ஏன் படுக்கிறாங்க? யார் படுக்கச் சொன்னா?"

"நீங்க கஷ்டப்பட்டுத் தைச்சிருக்கீங்க. சரியாகலன்னு தெரிஞ்சா உங்க மனசு நோகும்னுதான்."

நான் நம்பவில்லை. ராஜம்மா வரும்வரை நம்பவில்லை. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டுகிறவர். அதற்கு முன் மூன்று முறை வந்து மூன்று முறையும் "நல்லாருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அன்று பூ இல்லை. காலில் செம்மண்ணோடு வந்து மேசையில் படுத்தார். அழுந்த இருமச் சொன்னேன். என் தையல் மேல் எனக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த ஒரே இருமலில் போயிற்று. கர்ப்பப்பை மறுபடியும் இறங்கியிருந்தது. அதைவிடக் கொடுமை, ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க டாக்டர்," என்றார்.

அந்தக் கோபத்தையும் நான் மிஸ்ஸியின் மேல்தான் காட்டினேன். எல்லோரையும் திரும்ப வரவழைத்து முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆய்வுக் குழுவுக்கு நான் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினேன். பக்கத்து மேசையில் அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஞானப்பாட்டை முணுமுணுப்பார். "மிஸ்ஸி, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்பேன். ஒரு வரி சும்மா இருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அடுத்த சண்டை படிவத்துக்காக. 'கீழே ஏதோ இறங்குவதுபோல் உணர்கிறீர்களா?' என்று அதில் ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை. எல்லோரும் இல்லை என்பார்கள். மிஸ்ஸி ஒழுங்காக 'இல்லை'யில் குறி போட்டுவிட்டு, படிவத்திலேயே இல்லாத ஒன்றைக் கேட்பார். "இப்ப என்னென்ன செய்யறத விட்டுட்டீங்க?" அதற்கு மட்டும் பதில் கொட்டும். பேரனைத் தூக்குவதை விட்டுவிட்டேன். பாசா மாலாம் இரவுச் சந்தையில் சுற்றுவதை விட்டுவிட்டேன். நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சிரிப்பதை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஓரத்தில், அந்தக் கண்றாவிக் கையெழுத்தில் எழுதி வைப்பார்.

"இதையெல்லாம் எந்தக் கட்டத்துல போடறது மிஸ்ஸி?"

"கட்டம் பத்தலன்னா கட்டத்தப் பெருசாக்குங்க டாக்டர். பொம்பளையச் சின்னதாக்காதீங்க."

அவரிடம் நான் தோற்காத இடமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரே ஓர் இடத்தில் ஜெயித்தேன். சனிக்கிழமை மதியம் அவருக்குத் தேவாலயத்தில் பாடகர் குழுப் பயிற்சி. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு அன்றுதான் வரத் தோது என்று எத்தனை கெஞ்சினாலும், "சனிக்கிழமைய மட்டும் கேக்காதீங்க டாக்டர், தலைகீழா நின்னாலும் வரமாட்டேன்," என்பார். இந்த ஆண்டுதான் ஒருநாள் தானாகவே, "சனிக்கிழமை போடுங்க, வரேன்," என்றார். நான் காரணம் கேட்கவில்லை. கடைசியில் வழிக்கு வந்தாரே என்று அட்டவணையை நிரப்பினேன். ஆய்வறையில் பாட்டுச் சத்தமும் நின்றிருந்தது. நிம்மதியாக வேலை ஓடியது.

சாவு வீட்டில், பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நிற்கும் அக்கா ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா மினா பாடறதில்ல டாக்டர். மூச்சு வாங்குதுன்னு விட்டுட்டாங்க. டாக்டர் கூடத்தானே நாள் பூரா இருக்காங்க, சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்."

சொல்லவில்லை. நான் தினமும் கேட்டேன். "நல்லாருக்கீங்களா மிஸ்ஸி?" கையுறையை மாட்டிக்கொண்டே, அடுத்த கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நல்லாருக்கேன் டாக்டர்," என்று அவரும் தினமும் சொன்னார். பதிலை வாங்கிக்கொண்டு நான் வேலையைப் பார்த்தேன். இத்தனை பெண்களின் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தவர், தன் முறை வந்ததும் ராஜம்மாவைப் போலவே என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்மேல் வந்தது அதைவிட அதிகம்.

கிளம்பும்போது அந்தோணி என்னை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவியின் தொலைபேசியில் நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "டாக்டர், அந்த அம்மா கோயில் படி ஏறுறத விட்டுட்டாங்கன்னு எழுதியிருக்கு," என்றார். அந்த நேரத்திலும் என் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மிஸ்ஸியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. ஓரத்தில் கிடந்த அதைப் படிவத்தின் முதல் வரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கட்டம் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு, வேலை முடித்த கையோடு பெண்கள் வருகிறார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, "இப்ப என்னென்ன செய்யறத விட்டுட்டீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். கேட்க வேண்டிய ஒருவரிடம் கேட்கவில்லை.