பேச்சுக்கு முன்னால் ஒரு நடுக்கம்

பட்டனை அழுத்துவதற்கும் பேச்சு தொடங்குவதற்கும் நடுவே ஒயர்லெஸ் செட் எழுப்பும் சின்ன ஓசையை இன்றைக்கும் எங்காவது கேட்டால், கைவேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். எந்தச் செட்டும் தன் அலைவரிசையில் நேராகப் போய் நிற்பதில்லை. ஒன்று சற்று மேலே ஏறி இறங்கும். இன்னொன்று நடுங்கிவிட்டு நிலைக்கும். கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனாலும் ஒரே கம்பெனியில் ஒன்றாகச் செய்த இரண்டு செட்டுகள்கூட ஒரே மாதிரி ஏறாது. அந்த நடுக்கத்தைக் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து பார்த்தால், பேசுவது எந்தச் செட் என்று கைரேகை பார்ப்பதுபோலச் சொல்லிவிடலாம்.

ஜவ்வாது மலைக்கு வனத்துறையினர் என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். புளி உலுக்கும் மாதம். காய்ந்த புல்லின் வாசனையோடு மலை முழுக்க ஒரு மங்கலான வெயில் தூங்கிக்கொண்டிருந்தது. குன்றுக்கு ஒரு தீக்காவலர் செட்டோடு நின்று, புகை தெரிந்தால் கீழே சொல்ல வேண்டும். அவர்களில் யாரோ கூப்பிடுகிறார், ஆனால் குரல் வராமல் இரைச்சல்தான் வருகிறது. யாரென்று தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதித்தால் எல்லாச் செட்டும் நல்ல பிள்ளையாகப் பேசும். ஒடுகத்தூரில் செட் பழுது பார்த்துக்கொண்டிருந்த நான், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் இடிபட்டு மேலே போனேன்.

ஒயர்லெஸ் அறையைக் கவனித்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் 'அக்கா' என்றுதான் அழைத்தார்கள். நானும் அப்படியே. அதிகம் பேசமாட்டார். ஸ்பீக்கரின் மெல்லிய இரைச்சலில் அந்த அறையே பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கும் கண் சொக்கும். மறுநாள் பிற்பகலில் அந்த ஊமை அழைப்பு வந்தது. திரையில் ஒரு கோடு மேலே போய், தயங்கி, நீளமாக நடுங்கி, வழிதவறிப் போனது. ஒவ்வொரு செட்டுக்கும் முதல் நாளே பதிந்து வைத்திருந்த கோடுகளோடு ஒப்பிட்டேன். "உச்சிக் குன்று செட்டு, அக்கா!" என்று பெரிய துப்பறியும் நிபுணன்போலக் கத்தினேன்.

"தெரியும் தம்பி," என்றார் அக்கா, திரும்பாமலே. "அது எங்க வூட்டுக்காரரு செட்டு."

அவர் கணவரும் தீக்காவலராக இருந்தவர். முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அந்தச் செட்டை இன்னொரு காவலரிடம் கொடுத்திருந்தார்கள். மற்றச் செட்டுகளெல்லாம் அக்காவுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். இது ஒன்று மட்டும் தெரியும்.

"பட்டன அமுக்கனா அவுரு வர்ற மாதிரியே வருது. அப்பறந்தான் அந்த அண்ணன் பேசறாரு. அது வரைக்கும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு பாகம் தேய்ந்துபோய்ச் செட் அலைவரிசையை விட்டு நழுவுகிறது. அதை மாற்றினால் குரல் தெளியும், அந்த நடுக்கம் போய்விடும். இதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொன்னேன். அந்தச் சத்தத்தை லேப்டாப்பில் பதிந்து தருகிறேன், வேண்டும்போது போட்டுக் கேளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். "கூப்ட்டா வர்ற ஆளா அவுரு? நாளு பூரா கத்தனாலும் பதில் வராது. அவுருக்கா தோணனாதான் பேசுவாரு. நெனச்சப்பல்லாம் வந்தா அது அவுரு இல்ல தம்பி."

ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். பிறகு, "மேல ஒருத்தரு நெருப்புக்குக் காவலா நிக்கறாரு. கூப்ட்டா யாருக்கும் கேக்கல. அவுரு வூட்லயும் ஒருத்தி காத்துக்கினு இருப்பா இல்ல? மாத்திடு," என்றார். செட்டைக் கீழே அனுப்பச் சொல்லி அவரே மைக்கில் தகவல் கொடுத்தார்.

அன்று மாலையே பாகத்தை மாற்றி அனுப்பினேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காவலர் கூப்பிட்டார். கோடு சட்டென்று ஏறி நேராக நின்றது. "தங்கச்சி, இன்னா, கேக்குதா?" அக்கா மைக்கை எடுத்தார், உடனே பட்டனை அழுத்தவில்லை. மறுபடியும், "கேக்குதாம்மா?" என்றது குரல்.

அழுத்தினார். "நல்லா கேக்குதுண்ணா. உங்க கொரலு மட்டுந்தான் கேக்குது."